எவருடைய தோட்டம்? – கொழும்பின் பசுமைக் கட்டடங்கள் பற்றிய ஒரு நோக்கு

கலைகளுள் கட்டடக்கலை ஒன்றே மக்கள் விரும்பினும் விரும்பாவிடினும் அவர்கள்மீது சுமத்தப்படுவதாகும். பிடிக்காத நாவலை மூடி வைத்துவிடலாம். பிடிக்காத நாடகத்தினின்றும் எழுந்து போய்விடலாம். ஒரு நகரத்தினின்றும் அவ்வாறு எழுந்து போதல் அங்கே உழைத்து வாழ்பவனுக்கு இயலாத காரியம். ஆயினும், நாவலுக்கும் கவிதைக்கும் உள்ள விமரிசன மரபு தமிழிற் கட்டடங்களுக்கு இல்லை. அவற்றை மதிப்பிடும் பணி பொறியியலாளரிடமும் விளம்பரக்காரரிடமுமே விடப்பட்டுள்ளது.

இன்று அத்தகைய விமரிசனத்தின் தேவை பெருகியுள்ளது. 'பசுமைக் கட்டடம்', 'நீடித்து நிலைக்கும் நகரம்', 'இயற்கையோடு இணைந்த வாழ்வு' என்னுந் தொடர்கள் அமைச்சரின் உரையிலும், ஆலோசகரின் அறிக்கையிலும், தொடர்மாடி விற்பவரின் விளம்பரத்திலும் ஒருங்கே ஒலிக்கின்றன. வெவ்வேறு நலன்களை உடையோர் ஒரே சொல்லைக் கையாளும்போது, அச்சொல் எவருடைய பொருளைச் சுமந்து வருகின்றது என ஆராய்வது விமரிசகனின் கடமையாகும். கொழும்பு நகரை எடுத்துக்கொண்டு அவ்வாராய்ச்சியைச் செய்ய முயல்வோம்.

கொழும்பிலே தோட்டம் என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கறுவாத் தோட்டம் என்பது ஒன்று. ஒல்லாந்தர் தம் வாணிபத்துக்காகக் கறுவா பயிரிட்ட நிலம் அது. ஆங்கிலேயர் காலத்தில் நிழல் மர வீதிகளும் பெருமனைகளும் கொண்ட செல்வர் வாழ்விடமாக மாறிற்று. மற்றையது, ஒரே காணியில் நெருக்கி அடுக்கப்பட்ட ஓரறைக் குடியிருப்புகள். பலருக்கும் ஒரு குழாய், பலருக்கும் ஒரு மலசலகூடம். துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்தோர் வாழ்ந்த இவ்விடங்களைச் சிங்கள மக்கள் 'வத்த' என்பர்; தமிழ் மக்கள் தோட்டம் என்பர். முன்னதில் மரங்கள் உண்டு. பின்னதிற் பெயர் மாத்திரமே உண்டு. இப்பெயர் ஒற்றுமையினுள்ளே கொழும்பின் சமூக வரலாறு முழுவதும் அடங்கியிருக்கின்றது என்று கூறின் மிகையாகாது.

இந்நகரைக் கிழக்கின் தோட்ட நகராகக் காண விரும்பியவர் பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர். 1921இல் அவர் கொழும்புக்கெனத் திட்டமொன்றை வகுத்தார். கெடிஸ் சாதாரணமான அதிகாரி அல்லர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் மதுரை, தஞ்சாவூர் முதலான நகரங்களை ஆராய்ந்து, பழைய தெருக்களை இடித்து நேர்வீதி வெட்டும் முறையை அவர் கண்டித்தார். குளங்களைத் தூர்ப்பதற்கு மாறாக அவற்றைத் துப்புரவாக்கிக் காக்கவேண்டும் என வாதிட்டார். அவர் எடுத்தாண்ட தோட்ட நகரக் கருத்தோ எபனேசர் ஹவார்ட் என்னும் ஆங்கிலேயர் 1898இல் வெளியிட்ட நூலில் தோன்றியது. அக்கருத்தின் உயிர்நாடி மரமும் பூங்காவும் என்று எண்ணுவோர் பலர். நூலைப் படிப்போர் வேறொன்றைக் காண்பர். 6,000 ஏக்கர் காணி. அதில் நடுவே 1,000 ஏக்கரில் நகர். மக்கள் தொகை 32,000. காணி முழுவதும் சமூகத்தின் பேரால் பொதுவில் இருக்கும். நகர் வளர வளர ஏறும் நிலவாடகை தனியார் பைக்குப் போகாது, மக்களின் வசதிகளுக்கே செலவாகும். ஹவார்ட் புரட்சிவாதி அல்லர், சீர்திருத்தவாதியே. எனினும், நகரின் நோய்க்குக் காரணம் நிலவுடைமையிற் கிடக்கின்றது என்பதை அவர் உணர்ந்திருந்தார். கப்பலேறிக் கொழும்பு வந்து சேர்ந்தது அவருடைய மரம். காணி பற்றிய அவர் கருத்து வழியிலேயே தங்கிவிட்டது.

இப்பின்னணியில், நம் நாட்டின் தலைசிறந்த கட்டடக் கலைஞர் எனப் போற்றப்படும் ஜெப்ரி பாவா (1919–2003) அவர்களின் படைப்புகளை நோக்குவோம். கோட்டேயிலுள்ள பாராளுமன்றக் கட்டடம் 1982இற் திறக்கப்பட்டது. தியவன்னாப் பள்ளத்தாக்கின் சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏறக்குறைய 120 ஹெக்டேயர் பரப்புள்ள வாவியொன்று ஆக்கப்பெற்றது. அதன் நடுவே தீவு போன்ற திடரில், செப்புக் கூரைகளோடு மண்டபங்கள் எழுந்தன. மேலைத்தேய மாளிகைகளின் ஆணவம் இக்கட்டடத்தில் இல்லை. தாழ்ந்து சரியும் கூரையும் தூண்வரிசையும் நம் நாட்டு மரபைப் புதிய தேவைக்கு இசைவித்தன. நீரும் கட்டடமும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் அவ்வழகை மறுத்தல் நேர்மையாகாது. உருவத்தைப் பொறுத்தமட்டில் இது ஒரு வெற்றியே.

ஆனால் உருவத்தை உள்ளடக்கத்தினின்றும் பிரித்து மதிப்பிடுதல் விமரிசனத்துக்கு அழகன்று. அந்நீர் எங்கிருந்து வந்தது? எங்கே போகவேண்டியது? கொழும்பின் கிழக்கெல்லையிற் பரந்து கிடக்கும் கொலன்னாவை, கோட்டே, ஹீன் எல முதலிய சதுப்புகள் களனிக் கங்கையின் வெள்ளச் சமவெளியைச் சேர்ந்தவை. பெருமழையின்போது நீரைத் தம்முள் வாங்கி, கால்வாய்களின் வழியே கங்கைக்கும் கடலுக்கும் மெல்ல மெல்ல விடுவது அவற்றின் தொழில். இத்தொழிலுக்கு இயந்திரமும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம். வேண்டுவது இடம் ஒன்றே. தலைநகர் கோட்டேக்குப் பெயர்ந்ததும் அவ்விடத்தின் விலை ஏறிற்று. 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் அதனை மேலும் ஏற்றியது. சதுப்புகள் மண் கொட்டி நிரப்பப்பட்டு, வீடுகளும் அலுவலகங்களும் ஆயின. 2010 நவம்பரில் ஓரிரவு பெய்த மழையில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் மூழ்கிற்று. நீரை அழகுப் பொருளாக அழைத்து வந்த கட்டடத்துக்கு, அதே நீர் தன் பழைய இருப்பிடத்தைத் தேடி வந்த கதை இது. குற்றம் கலைஞருடையதன்று, அவருடைய கலையைச் சூழ வளர்ந்த காணி வாணிபத்தினுடையது.

சொற்கள் இங்கே ஆற்றிய பணியையும் நாம் கவனித்தல் வேண்டும். 1968இற் கொழும்பு மாவட்டத் தாழ்நிலங்களை 'மீட்பதற்கென' ஒரு சபை சட்டத்தால் அமைக்கப்பட்டது. மீட்டல் என்றால் இழந்ததைத் திரும்பப் பெறுதல். சதுப்பு நிலத்தை எவர், எவரிடத்தில் இழந்திருந்தனர்? நெல் விளைந்த, மீன் ஈன்ற, வெள்ளம் தாங்கிய நிலத்தை வெறும் பாழாகக் காணும் பார்வை அச்சொல்லினுள் ஒளிந்திருந்தது. நிலத்தைச் சரக்காகக் கருதுவோனுக்கு, விலைபோகாத நிலமெல்லாம் பாழ்நிலமே.

இவ்வாறு நிலம் பறிபோகும் முறைக்குச் சிறந்த சான்று 'வோட்டர்ஸ் எட்ஜ்' வழக்கு. பத்தரமுல்லையில் வெள்ள நீரைத் தேக்கும் பொதுத்தேவைக்கென மக்களிடமிருந்து சுவீகரிக்கப்பட்ட காணி, பின்னர் தனியார் நிறுவனமொன்றுக்குக் கோல்ப் மைதானம் அமைக்கக் கைமாறியது. 2008 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அக்கைமாற்றத்தை ரத்துச் செய்து, முன்னாள் ஜனாதிபதி ஒருவருக்கு 30 இலட்சம் ரூபா செலுத்தும்படி கட்டளையிட்டது. அரசின் கையிலுள்ள காணி ஆள்வோரின் சொத்தன்று, மக்களின் சார்பில் அவர்கள் காத்து நிற்கும் உடைமை என்னுங் கொள்கை அத்தீர்ப்பில் நிலைநாட்டப்பட்டது. நம் விமரிசனத்துக்கு வேண்டிய பாடம் ஒன்றும் இதிலுண்டு: கோல்ப் மைதானமும் பச்சையானதே. நிறத்தைக் கொண்டு இயற்கையை அளந்தால் அம்மைதானத்துக்கும் நாம் புகழ்மாலை சூட்டவேண்டி வரும்.

இவ்வளவுகோலோடு, இன்று பெருகிவரும் செங்குத்துத் தோட்டங்களை அணுகுவோம். மிலான் நகரில் 2014இற் கட்டி முடிக்கப்பட்ட, ஏறத்தாழ 800 மரங்களைச் சுமந்து நிற்கும் இரட்டைக் கோபுரங்கள் உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன. சதுப்புகள் சூழ்ந்த இராஜகிரியவிலும், மாடந்தோறும் செடி வளர்க்கும் 40 மாடிகளுக்கு மேற்பட்ட குடியிருப்பு ஒன்று எழுந்துள்ளது. மாடத்துச் செடி அறையின் வெப்பத்தைத் தணிக்கும். வெயிலையும் தூசியையும் தடுக்கும். பயன்படுத்திய நீரை மீண்டும் பயன்படுத்தவும் இடந்தரும். கண்ணாடிப் பெட்டிகளைக் கட்டிக் குளிரூட்டும் மடமையினும் இது மேலானதே. ஆயினும், அச்செடியின் நன்மை மாடத்துக்கு உரியவனிடத்தே தொடங்கிப் பெரும்பாலும் அவனிடத்தே முடிந்துவிடுகின்றது. ஓர் ஏக்கர் சதுப்பு செய்யும் வேலையை ஆயிரம் பூந்தொட்டிகள் செய்யா. சதுப்பு தாங்கும் வெள்ளம் அயலிலுள்ள வெல்லம்பிட்டியத் தொழிலாளியின் வீட்டுப் படியேறாமல் நிற்கும் வெள்ளம். ஒன்று தனியுடைமையான இயற்கை; மற்றையது பொதுவுடைமையான இயற்கை. இவ்விரண்டையும் பசுமை என்னும் ஒரே சொல்லால் அழைப்பது பெரும் மயக்கத்துக்கு இடமளிக்கும்.

இயற்கையைப் பார்க்கும் பொருளாக மாத்திரம் ஆக்குவது மிகச் சிறந்த படைப்புகளையும் விட்டபாடில்லை. 1994இற் திறக்கப்பட்ட கண்டலம விடுதி பாவாவின் உன்னதப் படைப்புகளுள் ஒன்று. பாறையைக் குடையாது தூண்களின் மேல் நின்று, மழைநீரைத் தன் கீழே ஓடவிட்டு, கொடிகளாற் போர்த்துக் காட்டோடு காடாய் மறைந்திருக்கின்றது. அதே விடுதியைக் கட்டத் தொடங்கிய காலத்தில், குளம் மாசுறும் என அஞ்சி அப்பகுதி மக்கள் எதிர்த்தனர் என்பதும் வரலாறு. உழவனுக்கு அக்குளம் பாசன நீர். விருந்தினனுக்கு அது சாளரக் காட்சி. கலைஞர் காட்சியைச் செம்மையாக ஆக்கினார். பாசனக்காரரின் கேள்வியோ கலைக்கு வெளியே நின்றுவிட்டது.

நகரத்து வறியோரைப் பொறுத்தவரை இதே மயக்கம் கொடுமையாக மாறுகின்றது. 'நீடித்து நிலைக்கும் நகரியம்' என்ற பெயராலேயே, 2001இல் பொறளைப் பகுதியிற் சகஸ்புர என்னும் 14 மாடித் தொகுதி 671 வீடுகளோடு திறக்கப்பட்டது. தோட்டங்களில் வாழ்ந்தோரை மாடிகளுக்கு ஏற்றி, விடுபட்ட காணியை விற்றுச் செலவை ஈடுசெய்வதே திட்டத்தின் அடிப்படை. நகர அபிவிருத்தி அதிகாரசபை பின்னர் வெளியிட்ட கணக்கின்படி, வசதி குறைந்த குடியிருப்புகளில் 68,812 குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்கள் கையிலிருந்ததோ நகர நிலத்தின் ஏறத்தாழ 9 வீதம். இவ்விலக்கம் இடப்பெயர்ப்புக்கு நியாயமாகக் கூறப்பட்டது. நமக்கு இது வேறொன்றைக் கூறுகின்றது: நிலத்தை மிகச் சிக்கனமாகப் பயன்படுத்தி வாழ்ந்தோர் அம்மக்களே. சதுப்பையும் கால்வாய்க் கரையையும் நிரப்பியோருள் வறியோரும் உளர் என ஆட்சேபிக்கலாம். உண்மையே. வேறெங்கும் இடமில்லாதவன் வெள்ளக் கரையிற் குடியேறுகின்றான். நகரின் குப்பையும் அவன் பக்கமே வந்து சேர்கின்றது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொலன்னாவையின் மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோரைப் புதைத்ததை நாம் மறத்தற்கில்லை.

மாற்று வழிக்கு நாம் அயல்நாடு செல்லவேண்டியதில்லை. 1973இல், கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்தபோது வந்த வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளுக்கு எல்லை வகுத்து, வாடகைக்கு இருந்தோர் பலரை உரிமையாளராக்கியது. புதிய வீடுகளுக்கு வேண்டிய முதலை அது தரவில்லை. எனினும், நகரின் வினா காணியின் வினா என்பதை நேர்நின்று கூறிற்று. 1984இற் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், வேறொரு அரசியலிற் பிறந்ததாயினும், மக்களை இருந்த இடத்திலேயே இருத்தி, அவர்தம் சபைகளின் வாயிலாகக் குடியிருப்பைத் திருத்த முடியும் எனக் காட்டிற்று.

2018இற் கொழும்பு ராம்சர் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகராக அங்கீகாரம் பெற்றது. உலகின் தலைநகரங்களுள் அவ்வங்கீகாரத்தை முதலிற் பெற்றது இதுவே. ஏறக்குறைய 20 சதுர கிலோமீற்றர் ஈரநிலமும், அதில் வாழும் மீன்பிடிப் பூனையும் பறவைகளும் இந்நகரின் பெருமையாகக் கொள்ளத்தக்கன. பட்டயம் மாத்திரம் நிலத்தைக் காவாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு களனி மீண்டும் பெருகியபோது, வெள்ளத்தில் வெளியேறியோர் மேல்மாடித் தோட்டக்காரர் அல்லர்.

யாழ்ப்பாணத்து ஆசிரியருக்கும் மாணவருக்கும் இது தூரத்துச் செய்தியன்று. சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்த அக்குடாநாட்டில், குளமும் கேணியும் மழைநீரை நிலத்தடிக்கு இறக்கும் வாயில்கள். அவற்றைத் தூர்த்துக் கடை கட்டுவதும், கரைக்குக் கல்பதித்து விளக்கேற்றுவதோடு நின்றுவிடுவதும் கொழும்பின் பிழையைத் திரும்பச் செய்வதேயாகும்.

எனவே, ஒரு கட்டடம் பசுமையானது என்று எவரேனுங் கூறும்போது நாம் கேட்கவேண்டியவை மூன்று. அது நிற்கும் காணி முன்பு எவ்வேலையைச் செய்தது? அவ்வேலையை இனி எது செய்யும்? அங்கிருந்து வெளியேறியோர் இப்போது எங்கே வாழ்கின்றனர்? வகுப்பறையிலிருந்தே இவ்வினாக்களை எழுப்பலாம். ஒவ்வோர் ஊரிலும் எக்குளம், எச்சதுப்பு, எவ்வாய்க்கால் எவ்வாண்டில் மறைந்தது என மாணவர் முதியோரிடம் கேட்டு வரைபடத்திற் குறிக்கலாம். அவ்வரைபடம் உள்ளூராட்சிச் சபையின் மேசைக்குப் போகுமாயின், அடுத்த மண்லொறி வருமுன் அச்சபை விடையளிக்கவேண்டி வரும்.