சிர்கெசி தொடருந்து நிலையம் – கட்டடக்கலை மதிப்பீடு

சிர்கெசி தொடருந்து நிலையம் இசுதான்புல் நகரின் ஐரோப்பியக் கரையில் அமைந்த பழைய முனையம். ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது காலத்தில், 1888 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1890 நவம்பர் 3 அன்று திறக்கப்பட்டது. பாரிசிலிருந்து வந்த ஓரியண்ட் எக்சுபிரசு இங்குதான் பயணத்தை முடித்தது. வடிவமைத்தவர் பிரசியக் கட்டடக்கலைஞர் ஆகசுட்டு யாசுமுண்டு. ஒட்டோமான் கட்டடக்கலையை ஆராய வந்த அவர், அந்நகரின் பொறியியல் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார்.

செங்கல் பட்டைகள், கூர் வளைவுகள், லாட வடிவ வளைவுகள், வளைவுகளுக்கு மேல் வண்ணக் கண்ணாடி பதித்த வட்டச் சாளரங்கள், நடு வாயிலின் இருபுறமும் மணிக்கூண்டுகள் ஆகியவை இதன் முகப்பில் முதலில் கண்ணில் படுபவை. இது 'கீழைப் பாணி' என்று புகழப்படுவதுண்டு. ஆனால் எந்தக் கீழை? லாட வளைவு வட ஆப்பிரிக்காவுக்கும் முசுலிம் ஆட்சிக்கால இசுப்பெயினுக்கும் உரியது. இசுதான்புல்லின் பெரும் பள்ளிவாசல்களைக் கட்டிய சினானின் மரபில் அதற்கு இடமில்லை. ஐரோப்பியப் பயணி மனத்தில் சுமந்து வந்த கிழக்கையே இம்முகப்பு அவனுக்குக் காட்டியது. உள்ளூர்க்காரருக்கு அது ஓரளவு அயல் ஆடைதான். அலங்காரத்தை நீக்கிப் பார்த்தால், நடுவே கூடம், இருபுறமும் நீண்ட சிறகுகள் என்று எஞ்சுவது சமச்சீரான ஐரோப்பிய நிலையத் திட்டமே.

இதனால் கட்டடத்தைப் போலி என்று ஒதுக்குவதும் தவறு. வட்டச் சாளரங்களின் வழியே காத்திருப்புக் கூடத்தில் விழும் வண்ண ஒளி வெறும் ஒப்பனை அன்று. சாதாரணமான நீள்சதுர அறையை அதுவே உயர்த்துகிறது. செங்கல், கல் இரண்டின் நிற வேறுபாடு நீண்ட சுவரின் சலிப்பையும் குறைக்கிறது. மணிக்கூண்டுகள்தாம் அவ்வளவாகப் பொருந்தவில்லை.

யாசுமுண்டின் மாணவர் கெமாலெத்தின் பின்னர் ஒட்டோமான் மரபிலிருந்தே கூறுகளை எடுத்துப் புதிய அலுவலகக் கட்டடங்களை எழுப்பினார். அருகிலேயே வேதாத் தெக் வடிவமைத்த பெரிய அஞ்சலகம் (1909) உள்ளது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் மாணவருக்கு, இருபது ஆண்டுகளுக்குள் 'நம் பாணி எது' என்ற கேள்விக்கான விடை எவ்வளவு மாறியது என்பது விளங்கும்.

பாரிசு–இசுதான்புல் நேரடி ஓரியண்ட் எக்சுபிரசு 1977 இல் நின்றது. 2013 இல் மர்மராய் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின், சிர்கெசியில் இறங்குவோரில் பெரும்பாலோர் நிலத்தடியிலிருந்து நேரே தெருவுக்கு ஏறிவிடுகின்றனர். வருவோரை வரவேற்கக் கட்டிய கூடத்தை அவர்கள் பார்ப்பதே இல்லை.