இரவில் இறங்கிய கருவாடு

பாலைவனத்தில் பசித்தோர்க்கு வானத்திலிருந்து மன்னா பொழிந்தது என்கிறது விவிலியம். 1968இல் பயாப்ராவில் பசித்தோர்க்கும் வானத்திலிருந்தே உணவு வந்தது. வந்தது நார்வே நாட்டுக் கருவாடு! கொண்டுவந்தவன், அகலப்படுத்திய சாலையொன்றில், நள்ளிருளில், குண்டுவீச்சுக்கிடையே விமானத்தை இறக்கிய மனிதன்.

நைஜீரியாவிலிருந்து 1967 மே 30இல் பிரிந்த பயாப்ராவைக் கூட்டரசுப் படை முற்றுகையிட்டது. துறைமுகங்கள் வீழ்ந்தன, மீனும் இறைச்சியும் அற்றன. சிற்றூர்க் குழந்தைகளின் கால்கள் வீங்கின, வயிறு உப்பிற்று, தலைமயிர் செம்பட்டையாயிற்று. புரதப் பஞ்சம் தரும் அந்நோய்க்குக் குவாஷியார்க்கர் என்று பெயர். அங்கிருந்த அயர்லாந்துக் கத்தோலிக்கப் பாதிரிமார் பலர் ஓடியிருக்கலாம், ஓடவில்லை. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் கைகோத்து, சாவோ தோமே தீவிலிருந்து உலி ஓடுபாதைக்கு 5,000 முறைக்குமேல் விமானம் விட்டனர். ஏறத்தாழ 60,000 டன் சரக்கு சேர்த்தனர். 1969 ஜூனில் செஞ்சிலுவைச் சங்க விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. சங்கம் ஒதுங்கிற்று, இவர்கள் தொடர்ந்தனர். இத்துணிவைப் பழிப்பவன் பகுத்தறிவாளன் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்!

பின் நமக்கு வழக்கு எதனோடு? கருவாட்டோடு கலந்து விற்ற கதையோடு! இஸ்லாமிய வடக்கு, கிறித்தவக் கிழக்கை அழிக்கவந்த மதப்போர் இது என்று பாதிரிமார் பலர் ஐரோப்பாவுக்கு எடுத்துரைத்தனர். பயாப்ரா அரசின் விளம்பரமும் அதையே முழங்கிற்று. ஆனால், கூட்டரசின் தலைவர் கோவோன் யார்? கிறித்தவர், சபைப் பணியாளரின் மகன். அவர் படையிலும் கிறித்தவர் திரளாக இருந்தனர். சிலுவையும் பிறையும் மோதுவதாகக் காட்டிய படத்தில் எண்ணெய் வயல் தெரியவில்லை. கோவோனுக்குப் படைக்கலம் அளித்த பிரிட்டன் தெரியவில்லை. பட்டினியும் போர்க்கருவியே என்று கூட்டரசுத் தரப்பில் வாதிட்டார்களே, அக்கொடுமையும் மதவெறியின் கணக்கிலே மறைந்தது.

மறுபுறம் பாருங்கள். கூட்டரசின் பகுதி வழியாக உணவு வரத் தரைவழி திறக்கலாம் என்றபோது பயாப்ராவின் தலைவர் ஒஜுக்வு மறுத்தார். ஆயுத விமானங்களும் அதே உலியில், அதே இருளில் இறங்கின. உணவு விமானங்கள் அவற்றுக்குத் திரையாயின. பட்டினிக் குழந்தையின் படத்தை உலகுக்குக் காட்டிய கைகள், அக்குழந்தையின் தலைவனையும் உரக்கக் கேட்டிருக்க வேண்டாமா? ஊட்டியவனுக்கு அந்த உரிமை இருந்தது. அதைப் பயன்படுத்தியோர் சிலரே.

1970 சனவரியில் போர் முடிந்தது. சட்டத்துக்குப் புறம்பாக நாட்டில் நுழைந்தனர் என்று குற்றஞ்சாட்டி, அயர்லாந்து ஆயர் ஒருவரையும் பாதிரிமாரையும் கன்னியரையும் கூட்டரசு நாடுகடத்திற்று. அவர்கள் விட்டுச்சென்ற பங்குகளை இக்போ குருமார் ஏற்று நடத்தினர்.