ரம்மியின் சேதாரம்

தி.நகர் உஸ்மான் ரோடில் நகை வாங்கிய அனுபவம் இருக்கிறதா? அப்படியானால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பாதி தெரியும். இன்றைக்கு ஒரு செயின் வாங்கி, நாளைக்கே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு டிசைன் எடுங்கள். தங்கம் விலை ஏறவில்லை, இறங்கவில்லை. ஆனாலும் கையிலிருந்து கொஞ்சம் போயிருக்கும். செய்கூலி, சேதாரம்!

பணம் கட்டி ஆடும் ரம்மிக்கும் போக்கருக்கும் இந்தச் சேதாரம் உண்டு. ஆனால் விளம்பரங்களில் நாம் வருஷக்கணக்காகக் கேட்டதெல்லாம் 'திறமை' என்ற ஒரே வார்த்தைதான்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரம்மி, மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை. விழுந்த சீட்டை ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டும். சரிதான். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆட்டத்திலிருந்து கிளப்காரர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம். முதல் பாதியை எல்லோரும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். இரண்டாம் பாதி காற்றோடு போய்விட்டது.

நான் சட்டம் படிக்கவில்லை, பி.காம். எனக்குத் தெரிந்தது டெபிட், கிரெடிட். அதைப் போட்டுப் பார்ப்போம்.

ஆறு பேர், ஆளுக்கு 100 ரூபாய். மொத்தம் 600. ஆட்டம் நடத்துகிறவர் பத்து சதவீதம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தவருக்கு 540. ஆறு பேரும் சமமான திறமை என்றால், 54 ஆட்டத்தில் உங்களுக்கு 9 வெற்றி. போட்டது 5,400, எடுத்தது 4,860. நஷ்டமில்லாமல் எழுந்திருக்கவே 10 ஜெயிக்க வேண்டும். அதாவது, கைக்காசு போகாமல் இருப்பதற்கே நீங்கள் சராசரியைவிடக் கெட்டிக்காரராக இருக்க வேண்டும்!

தீபாவளி ராத்திரி வீட்டில் ஆடினால் மாமா விட்டது அத்தைக்குப் போகும், பணம் வாசலைத் தாண்டாது. கடையில் அப்படியில்லை. போதாக்குறைக்கு, மட்டமாக ஆடுகிறவர் காசு தீர்ந்து முதலில் எழுந்து போய்விடுவார். நேற்று நடுவில் இருந்த நீங்கள் இன்று கடைசி ஆள். திறமை ஆட்டம் என்பது உண்மைதான் சார், அந்தத் திறமை எதிரில் உட்கார்ந்திருக்கிறது.

இடையிடையே ஒரு நல்ல கை வரும், இரண்டாயிரம் கிடைக்கும். ஆளை இழுப்பது அதுதான். கடனில் மூழ்கி உயிரை விட்டவர்களின் செய்திகள் குவிந்த பிறகுதான் 2022-ல் தமிழக அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, சட்டமும் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று அவற்றை விலக்கிவிட்டது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமலே, பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்தது. ஐம்பத்தெட்டு வருஷ வாதம்! அதில் சேதாரத்தைக் கணக்குப் போட்டு ஆடுகிறவருக்குச் சொன்னவர் யாருமில்லை.

ஆன்லைன் போனால் என்ன, சீட்டுக்கட்டு எங்கும் போய்விடவில்லை. "நான் நல்லா ஆடுவேன் சார்" என்பவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். கடைசி 54 ஆட்டத்தில் எத்தனை ஜெயித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நோட்டுப் போட்டு எழுதி வைத்த ஒருத்தரையாவது பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள்.