அறிவெதிர்ப்பும் அதன் அளவுகோலும்

அறிவெதிர்ப்பு மனப்பாங்கு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்க வரலாற்றாசிரியர் றிச்சட் ஹொவ்ஸ்ராட்டர் 1963இல் வெளியிட்ட நூலையே தோற்றுவாயாகக் கொள்வன. மக்காத்தி காலத்துக் கெடுபிடிகளும், 1952ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலிற் புத்திஜீவிகள் எள்ளப்பட்டமையும் அந்நூலின் பின்னணியாகும். ஆயின், ஹொவ்ஸ்ராட்டர் தம் பொருளுக்கு இறுக்கமான வரைவிலக்கணம் தரவில்லை. சிந்தனை வாழ்வின்மீதும் அதனை மேற்கொள்வோர்மீதும் எழும் வெறுப்பும் ஐயமுமே பல்வேறு மனப்பாங்குகளை இணைக்கும் சரடு என்பது அவர் கருத்து. வரலாற்றை எழுதுவோர்க்கு இது போதும். அளக்கப் புகுவோர்க்குப் போதாது.

1991இல் டானியல் றிக்னி என்னும் சமூகவியலாளர் இந்நூலை மீள நோக்கி, அதனுள் மூவகை அறிவெதிர்ப்பு அடங்கியிருத்தலைப் பிரித்துக் காட்டினார். சமயஞ்சார்ந்த பகுத்தறிவு மறுப்பு ஒன்று. மேட்டிமையோர்மீது பொதுமக்கள் கொள்ளும் பகைமை மற்றொன்று. உடனடிப் பயன் தராத சிந்தனையை வீணெனத் தள்ளும் பயனோக்கு மூன்றாவது.

இம்மூன்றனுள் அளவீட்டாளர் கைக்கொண்டது பெரும்பாலும் இரண்டாவதையே எனலாம். அமெரிக்கப் பொதுச் சமூக மதிப்பாய்வு, விஞ்ஞானத்துறையை நடத்துவோர்மீது மக்கள் கொண்ட நம்பிக்கையை 1973 முதல் வினவி வருகின்றது. மிகுதி, ஓரளவு, மிகக் குறைவு என்பனவே விடைகள். மொற்றா 2018இலும் மேர்க்லி 2020இலும் வெளியிட்ட ஆய்வுகளில், அறிவெதிர்ப்பு என்பது நிபுணர்மீதான பொதுவான அவநம்பிக்கை என்றே கொள்ளப்பட்டது. எண்ணுதற்கு எளிது என்பது இம்முறையின் சிறப்பு. 1974க்கும் 2010க்கும் இடையில் விஞ்ஞானத்தின்மீதான நம்பிக்கை பழைமைவாதிகளிடையே வீழ்ந்தமையைக் கோர்டன் கௌஷட் 2012இற் புலப்படுத்தியமையும் இத்தகைய நீண்டகாலத் தரவுகளாலேயே சாத்தியமாயிற்று.

எனினும், அவநம்பிக்கையும் அறிவெதிர்ப்பும் ஒன்றல்ல. அமெரிக்காவின் ரஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அரசாங்கச் சுகாதாரச் சேவையினர் நடத்திய ஆய்விலே, மேகநோயுற்ற கறுப்பின ஆண்களுக்குப் பெனிசிலின் கிடைக்கலான பின்னரும் சிகிச்சை மறுக்கப்பட்டது. அதனை அறிந்த ஒருவர் மருத்துவ ஆய்வாளரை ஐயுறுவாராயின், அவர் தம் அறிவைப் பயன்படுத்துகின்றார், அதனை எதிர்க்கின்றாரல்லர். அளவுகோலோ அவரை அறிவெதிர்ப்பாளர் வரிசையிற் சேர்க்கும். மறுதலையாக, பொறியியலாளரையும் மருத்துவரையும் முழுதும் நம்பி, மெய்யியலும் இலக்கியமும் தொழில் தாரா என்று அவற்றுக்குரிய துறைகளை மூடத் துணியும் நிருவாகி ஒருவரை எண்ணுக. றிக்னி கூறிய மூன்றாம் வகைக்கு அவர் தக்க சான்று. அளவுகோலின்படி அவர் அறிவின் நண்பர்!

இது வெறும் நுட்பக்குறையன்று. அளவுகோல் எங்கே திரும்புகின்றதோ அங்கேயே குற்றமும் காணப்படும். நிபுணர்மீதான நம்பிக்கையை மட்டும் வினவின், அறிவெதிர்ப்பு கல்லாதாரின் நோயாகவே தோன்றும்; கற்றோரிடையே வாழும் அறிவெதிர்ப்பு கண்ணிற்படாது. சிந்தனையில் ஒருவர் கொள்ளும் நாட்டத்தை அளத்தற்குக் கசியொப்போவும் பெற்றியும் 1982இலேயே தனி அளவுகோல் ஒன்றை வகுத்துள்ளனர். அத்தகையதொன்றையும், கல்வியின் நோக்கம் பற்றிய வினாக்களையும், அவநம்பிக்கைக்கான காரணத்தையும் சேர்த்து நோக்கும் ஆய்வே ஹொவ்ஸ்ராட்டர் எழுப்பிய வினாவுக்கு நேர்மையான விடையாகும். அவ்வினாக்கொத்து முதலில் வழங்கப்படவேண்டிய இடம் பல்கலைக்கழகமே.