கைரேகைக்குப் பூட்டு: எம்-ஆதார் செயலி

ஆதார் ஆணையத்தின் எம்-ஆதார் செயலி 2017-இல் வந்தது. பலருக்கும் அது டிக்கெட் பரிசோதகரிடம் காட்டுகிற அடையாள அட்டை மட்டும்தான். என்னைக் கேட்டால், அதில் உருப்படியான வசதி பயோமெட்ரிக் பூட்டு. அதைப் போட்டுவிட்டால் கைரேகை, கருவிழி, முகம் எதை வைத்தும் ஆதார் சரிபார்ப்பு நடக்காது.

பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்து ரேகையைப் பிரதியெடுத்து, சிலிகான் விரல் செய்து, கிராமங்களில் பணம் எடுத்துத் தரும் கைரேகைக் கருவியில் வைத்துக் கணக்கைத் துடைத்த வழக்குகள் நம் நாட்டில் பல. இங்கே ஓடிபி கிடையாது. ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை, அவ்வளவுதான். "ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்கப்பா" என்று எத்தனை முறை சொன்னாலும் இந்தத் திருட்டைத் தடுக்காது.

அப்பா, அம்மா இருவர் ஆதாரிலும் என் எண்தான் பதிவாகியிருக்கிறது. அதனால் மூவரையும் என் போனிலேயே சேர்த்துப் பூட்ட முடிந்தது. ஒரே எண் என்றால் 5 பேர் வரை சேர்க்கலாம். யாருக்காவது பழைய, கைவிட்ட எண் பதிவாகியிருந்தால் முதலில் அதை மாற்றியாக வேண்டும். ஓடிபி வராமல் செயலி ஓரடி நகராது.

தொல்லை ரேஷன் கடையில்தான். பூட்டிய ரேகையை வைத்தால் 330 என்ற பிழை எண் வரும். கடைக்காரர் "சர்வர் இல்லீங்க" என்று அனுப்பிவிடவும் கூடும். பூட்டைச் சிறிது நேரம் மட்டும் திறக்க வழியிருக்கிறது, தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டில் கார்டில் பெயருள்ள யாரும் ரேகை வைக்கலாம் என்பதால், கடைக்குப் போகிறவருடையதைத் திறந்தால் போதும். அப்பா வரிசையில் நின்று போன் செய்வார், நான் இங்கிருந்து திறப்பேன். ஓய்வூதியக்காரர்களின் உயிர்வாழ் சான்றுக்கும் இப்படியே.

ஓடிபி வழியாக நடக்கும் சரிபார்ப்பை இந்தப் பூட்டு தடுக்காது. அதற்கு ஆதார் எண்ணையே பூட்டும் வசதி தனியாக உண்டு. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் எது எதற்கு என்று செயலியைப் பார்த்து விளங்கிக்கொள்வது கடினம். வடிவமைத்தவர்கள் இரண்டு வரி விளக்கம் போட்டிருக்கலாம்.

லாட்ஜுக்கோ வாடகை வீட்டுக்கோ ஆதார் கேட்டால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரை இறக்கிக் கொடுங்கள். முழு பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். அதன் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் இரண்டுமே இருக்கும்.