பொக்கஹொன்டாஸ் கதை: குடியேற்ற வரலாறு கூறப்படும் முறை பற்றிய ஒரு நோக்கு

வரலாற்று நிகழ்ச்சியில் பங்குகொண்டோரே அதனை எழுதுவோராகவும் அமைந்துவிடும்போது, எழுதப்பட்டதை ஐயுற்று நோக்குதல் திறனாய்வின் முதற் கடமையாகின்றது. வட அமெரிக்காவில் ஆங்கிலேயரின் முதல் நிலையான குடியேற்றம் 1607 ஆம் ஆண்டு வேர்ஜினியாவில் ஜேம்ஸ்டவுன் என்னுமிடத்தில் நிறுவப்பட்டது. இலண்டன் வணிகரின் முதலீட்டில் இயங்கிய வேர்ஜினியாக் கம்பனியே அதனை நடத்தியது. அக்குடியேற்றம் பற்றிய கதைகளுள் பெருவழக்குப் பெற்றது, பவ்ஹற்றன் என்னும் சுதேசத் தலைவனின் மகள் பொக்கஹொன்டாஸ், சிறைப்பட்ட கப்டன் ஜோன் ஸ்மித்தின் தலைமீது தன் தலையை வைத்து அவர் உயிரைக் காத்தாள் என்பதாகும்.

இக்கதைக்குச் சான்று யாது? ஸ்மித் ஒருவரே. அவர் 1607 டிசம்பரில் சிறைப்பட்டார். 1608 இல் இலண்டனில் அச்சேறிய அவரது முதல் நூலில், தலைவன் அவரை உபசரித்தமையும் அவருடன் உரையாடியமையும் கூறப்படுகின்றன. உயிர்காத்த நிகழ்ச்சி கூறப்படவில்லை. 1624 இல் வெளியான பெருநூலிலேயே அது விரிவாக இடம்பெறுகின்றது. அதற்குள், 1617 இல் பொக்கஹொன்டாசும் 1618 இல் பவ்ஹற்றனும் இறந்துவிட்டனர். கதையின் முதன்மை மாந்தர் இருவரும் மறுத்துரைக்க இயலாத காலத்திலேயே கதை விரிவுபெற்றது. இம்முரண்பாட்டை 1867 இல் ஹென்றி அடம்ஸ் விரிவாக எடுத்துக்காட்டினார்.

எனினும், 1608 இன் நூல் சில பகுதிகள் நீக்கப்பட்டே வெளிவந்தது. ஆதலின் அதன் மௌனத்தை மட்டும் கொண்டு ஸ்மித் பொய்யர் என முடிவு கட்டுதல் பொருந்தாது. நிகழ்ந்தது கொலை முயற்சியன்று, அந்நியனைத் தம் குலத்தவனாக ஏற்கும் சடங்கே என விளக்குவோரும் உளர். ஆயின் அவ்விளக்கமும் ஸ்மித்தின் கூற்றையே அடித்தளமாகக் கொண்டுள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது.

நிகழ்ந்ததா, இல்லையா என்னும் வினாவோடு நின்றுவிடுதல் போதாது. இக்கதை எதனை மறைக்கின்றது என்பதே ஆழமான வினா. 1613 இல் கப்டன் சாமுவேல் ஆர்கல் பொக்கஹொன்டாசை வஞ்சகமாகக் கப்பலேற்றிப் பணயக் கைதியாக்கினார். சிறையிருப்பிலேயே அவள் சமயம் மாறி ரெபேக்கா எனப் பெயர் பெற்றாள். 1614 இல் புகையிலைச் செய்கையாளர் ஜோன் றொல்பை மணந்தாள். 1616 இல் கம்பனியின் வெற்றிக்கு உயிருள்ள விளம்பரமாக இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். மறு ஆண்டு, தாயகம் திரும்பும் வழியில், ஏறத்தாழ இருபது வயதில் கிரேவ்சென்டில் இறந்தாள். கடத்தலுக்குச் சமகாலச் சான்றுகள் உள்ளன. மீட்புக்கு மீட்கப்பட்டவர் கூற்று மட்டுமே உள்ளது. ஆயினும் மக்கள் மனத்தில் நிலைத்தது மீட்பே.

இதனைத் தற்செயல் எனல் இயலாது. வொஷிங்டனில் அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டிடத்தின் வட்ட மண்டபத்தில், ஸ்மித்தை அவள் காக்கும் காட்சி 1825 இல் செதுக்கப்பட்டது. அவள் திருமுழுக்குப் பெறும் காட்சி 1840 இல் ஓவியமாக வைக்கப்பட்டது. இவ்விரண்டிலும் அவள் கொடுப்பவள் அல்லது ஏற்பவள், பறிக்கப்பட்டவள் அல்லள். சுதேசிகளே மனமுவந்து குடியேறிகளை வரவேற்றனர் என்னும் எண்ணம் இவ்வாறு கல்லிலும் வண்ணத்திலும் நிலைபெற்றது. 1995 இல் வெளிவந்த டிஸ்னி நிறுவனத்தின் சித்திரப்படம் இதனைக் காதற்கதையாகவே மாற்றிவிட்டது. 1607 இல் அவள் ஏறத்தாழப் பதினொரு வயதுச் சிறுமி. அத்தகைய காதல் பற்றி ஸ்மித் தாமும் எழுதினாரல்லர்.

கதை கலையோடு நின்றிருப்பின் இதனைச் சுவை வேறுபாடு எனக் கொள்ளலாம். அது சட்டத்தினுள்ளும் புகுந்தது. 1924 இல் வேர்ஜினியா இயற்றிய இனத்தூய்மைச் சட்டம், ஒரு துளி பிறவினக் குருதி கலந்தவரையும் வெள்ளையரல்லர் என விலக்கியது. ஆயின் பதினாறில் ஒரு பங்குக்கு மேற்படாத சுதேசக் குருதியுடையோர் வெள்ளையரே என விலக்களித்தது. தம்மைப் பொக்கஹொன்டாசின் வழியினர் எனப் பெருமைகொண்ட மேட்டுக்குடியினரைக் காப்பதே அவ்விலக்கின் நோக்கம். அதே காலத்தில், மாநிலப் பிறப்பு இறப்புப் பதிவகத்தின் தலைவர் வோல்ற்றர் பிளெக்கர், உயிரோடிருந்த சுதேசிகளை ஆவணங்களில் நிறத்தவர் எனப் பதியச் செய்தார். இறந்த இளவரசி மூதாதையாகக் கொண்டாடப்பட, அவளுடைய மக்கள் ஏட்டிலிருந்து அழிக்கப்பட்டனர். அவ்வழிப்பின் விளைவாக, கூட்டாட்சி அரசின் ஏற்பைப் பெறுதற்கு வேண்டிய ஆவணச் சான்றுகளைக் காட்டுவது அச்சமூகங்களுக்குப் பெரும் இடராயிற்று. வேர்ஜினியாவின் ஆறு சமூகங்கள் 2018 இலேயே, அதுவும் தனிச்சட்டம் ஒன்றின் வாயிலாக, அவ்வேற்பைப் பெற்றன.

ஜேம்ஸ்டவுனின் நானூறாம் ஆண்டாகிய 2007 இல் மற்றப்பொனி மக்களின் வாய்மொழி மரபு நூலாக வெளிவந்தது. அத்தகைய சடங்குகளில் சிறுவர் கலந்துகொள்வதில்லை என அது மீட்புக் கதையை மறுக்கின்றது. தலைமுறைகள் கடந்து வந்த வாய்மொழியும் ஆய்வுக்குட்பட வேண்டியதே. ஆனால் பதினேழு ஆண்டுகளின் பின் விரிவுபெற்ற ஒரு படைவீரரின் நினைவை ஆவணம் என்றும், ஒரு சமூகத்தின் நினைவைக் கட்டுக்கதை என்றும் வகுப்பது ஆய்வு நெறியாகாது. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கும் வரலாற்றாசிரியனே குடியேற்ற வரலாற்றை எழுதும் தகுதி பெறுவான்.