1981-இல் பட்டர்வொர்த் இழந்த அரை மணி

1981 டிசம்பர் 31, இரவு 11:45. லினக்ஸ் டெர்மினலில் நேர மண்டலத்தை ‘ஏஷியா/கோலாலம்பூர்’ என வைத்து, இந்த நேரத்தை ‘டேட்’ கட்டளையிடம் கொடுத்துப் பாருங்கள். செல்லாத தேதி என்று மறுத்துவிடும். மறுப்பது சரிதான். சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டும் என்பதற்காக, தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அன்றிரவு பதினொன்றரைக்கு அரை மணி முன்னே தள்ளப்பட்டன. பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் அந்த 11:45 வரவே இல்லை.

கட்டளை வரியின் பெரும் பலமே இந்த நினைவாற்றல்தான். 1975-இல் பட்டர்வொர்த்தில் பிறந்த ஒருவருக்கு ஜாதகம் கணிக்கிறோம். மலேசியா என்றாலே எட்டு மணி என்று ‘+8’ போட்டுவிட்டால் பிறந்த நேரம் அரை மணி பிசகும். லக்னம் ஏறத்தாழ ஏழரை பாகை நகரும். லக்ன சந்தியில் பிறந்தவருக்கு லக்னமே மாறிவிடும். எண்ணுக்குப் பதில் ‘ஏஷியா/கோலாலம்பூர்’ என்று ஊர்ப்பெயரைக் கொடுத்தால் இந்தப் பிசகு வராது. 1933-இல் கிரீன்விச்சைவிட ஏழு மணி இருபது நிமிடம் கூடுதல், 1941 செப்டம்பரில் ஏழரை, ஜப்பானியர் காலத்தில் டோக்கியோவின் ஒன்பது, மறுபடி ஏழரை, 1982 முதல் எட்டு: எல்லாம் லினக்ஸின் நேர மண்டலக் கோப்பில் இருக்கிறது.

ஆனால் அந்தக் கோப்பில் இருப்பது சிங்கப்பூரின் நினைவு. 1970-க்குப் பின் ஒரே நேரம் காட்டிய ஊர்களை ஒன்றாகச் சேர்ப்பது அதன் விதி. மூலக் கோப்பில் கோலாலம்பூர் இன்று சிங்கப்பூரின் மறுபெயர் மட்டுமே. சிங்கப்பூர் வீழ்ந்த மறுநாள், 1942 பிப்ரவரி 16-இல், ஜப்பானிய நேரம் தொடங்குகிறது. பினாங்கோ 1941 டிசம்பரிலேயே வீழ்ந்துவிட்டது. இடைப்பட்ட இரண்டு மாதத்து பட்டர்வொர்த்துக்கு அங்கே இடமில்லை. 1981 மாற்றமும் பழைய பதிப்புகளில் நள்ளிரவு என்றே இருந்தது. பழைய கணினி 11:45-ஐ ஏற்றுக்கொள்ளும்.

எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. நம் துறைமுகச் சீட்டில் 03/04/2024 என்றால் ஏப்ரல் 3. லினக்ஸின் ‘டேட்’ அதை அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4 என்று வாசிக்கும், ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல். 13-ஆம் தேதி வந்த பிறகுதான் பிழை என்று சொல்லும். அதற்குள், 04/04 தவிர, பதினொரு நாள் சீட்டுகள் தவறான மாதத்தில் விழுந்திருக்கும். ‘ஒரு மாதம் கழித்து’ என்று கேட்டாலும் இதே கதை: 2023 ஜனவரி 31-க்கு மார்ச் 3 என்று பதில் வரும், வாடகைக் கணக்குக்கு அது உதவாது.

இல்லாத 11:45-ஐ மறுக்கத் தெரிந்த கட்டளை, இரு பொருள் தரும் 03/04-ஐயும் மறுத்திருக்க வேண்டும். மறுக்காததால் 2024-04-03 என்று ஆண்டை முன்வைத்தே கொடுக்கிறேன்.